பழைய தழும்பு மட்டும் முடிவு செய்யக் கூடாது!

ஏற்கெனவே வயிற்றில் ஆபரேஷன் ஆனவர்கள் கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வந்தால் எந்த முறை நல்லது? கையெழுத்துப் போடும் முன் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை...

"எனக்கு ரெண்டு புள்ளையும் சிசேரியன். அப்பவே குடும்பக் கட்டுப்பாடும் பண்ணியாச்சு. இப்ப கர்ப்பப்பையை எடுக்கணும்கிறாங்க. மறுபடியும் வயித்தைக் கிழிக்கணுமா? பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கீழ் வழியாவே எடுத்துட்டாங்களாமே... எனக்கு மட்டும் ஏன் முடியாதுங்கிறாங்க?"

நாற்பதைத் தாண்டிய பெண்கள் நாலு பேர் உட்கார்ந்து பேசும் இடத்தில் இந்தக் கேள்வி எப்படியும் வந்துவிடும். வருவதில் ஆச்சரியமும் இல்லை. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன். இந்தியா முழுவதும் சேர்த்துப் பார்த்தாலோ நூற்றுக்கு 21 அல்லது 22தான். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், தமிழ்நாட்டின் திருமணமான பெண்களில் பாதிக்கும் மேல். ஆக, கர்ப்பப்பைக் கோளாறு என்று டாக்டரைப் பார்க்க வருகிறவர்களில் வயிற்றில் ஒரு தழும்பாவது உள்ளவர்கள் ஏராளம்.

காரைக்கால் மாவட்டத்தின் வட எல்லையில் இருக்கும் பூவத்தையே எடுத்துக்கொள்வோம். நண்டலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் தமிழ்நாடு. வடக்கே தரங்கம்பாடி, தெற்கே பஸ் ஏறினால் காரைக்கால். பெரிய வைத்தியம் என்றால் தஞ்சாவூர் ராஜா மிராசுதார் ஆஸ்பத்திரி, இல்லாவிட்டால் புதுச்சேரி ஜிப்மர். இந்த மாதிரி எல்லை ஊர்ப் பெண் ஒருவருக்கு முதல் பிரசவம் தாய்வீட்டுப் பக்கம், இரண்டாவது பிரசவம் புகுந்த வீட்டுப் பக்கம், குடல்வால் ஆபரேஷன் மூன்றாவது இடத்தில் என்று நடந்திருப்பது சகஜம். மூன்று தழும்பு, மூன்று ஆஸ்பத்திரி!

நடவுக்கும் களையெடுக்கவும் போகிறவர்கள், மண்டபத்தூர், காளிக்குப்பம் பக்கம் மீன் கூடை சுமக்கிறவர்கள்... இவர்களுக்கெல்லாம் ஆபரேஷனுக்குப் பிறகு சீக்கிரம் எழுந்து நடமாடுவதா, வாரக்கணக்கில் முடங்கிக் கிடப்பதா என்பது வெறும் வலி சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. வீட்டில் அடுப்பு எரிவது சம்பந்தப்பட்ட விஷயம். அதனால்தான் 'எந்த முறை?' என்ற கேள்வியைப் பொறுமையாக அலசிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில்... எடுக்கத்தான் வேண்டுமா?

எந்த முறை என்பது இரண்டாவது கேள்விதான். முதல் கேள்வி, எடுக்கத்தான் வேண்டுமா என்பது. ஏற்கெனவே வயிற்றில் கத்தி பட்டவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். ஏனென்றால், அடுத்த ஆபரேஷனில் பக்கத்து உறுப்புகளில் காயம் படும் வாய்ப்பு மற்றவர்களைவிட அவர்களுக்குக் கொஞ்சம் அதிகம்.

வெள்ளைப்படுகிறது, அடிவயிறு வலிக்கிறது, ஸ்கேனில் சின்னதாக ஒரு கட்டி தெரிகிறது... இவை மட்டுமே கர்ப்பப்பையை எடுக்கக் காரணம் ஆகாது. தொந்தரவு தராத சின்ன ஃபைப்ராய்டு கட்டி, மாதவிடாய் நின்றபின் பெரும்பாலும் தானே சுருங்கிவிடும். பெரும்பாடு என்று நம் பாட்டிமார்கள் சொன்ன அதிக ரத்தப்போக்குக்கு இன்று பல வழிகள் இருக்கின்றன. ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை, ஹார்மோன் மாத்திரைகள், லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்த ஆர்மிலாக்ஸிஃபின் மாத்திரை, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் காப்பர்-டி போன்ற சாதனம், கட்டியை மட்டும் எடுக்கும் ஆபரேஷன் என்று பட்டியல் நீளும். உங்களுக்கு எது பொருந்தும் என்பதை டாக்டர் சொல்ல வேண்டும். ஆனால் இவற்றைப் பற்றிப் பேசாமலேயே தேதி குறிக்கிறார் என்றால், இன்னொரு டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

இது வீண் சந்தேகம் இல்லை. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் ஏழைப் பெண்களுக்குத் தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுக்கப்பட்டதாக டாக்டர் நரேந்திர குப்தா 2013-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். 2023 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. தேவையில்லாத கர்ப்பப்பை ஆபரேஷன்களைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் வகுத்த வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களும் மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகவே 'ஏன் எடுக்கணும் டாக்டர்?' என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. அது உங்கள் உரிமை.

அதே சமயம், மருந்துக்கு அடங்காத ரத்தப்போக்கு, பெரிதாக வளர்ந்து அழுத்தும் கட்டி, கர்ப்பப்பை இறக்கம், புற்றுநோய் அல்லது அதற்கு முந்தைய மாற்றம் என்று நியாயமான காரணம் இருந்தால், பயத்தினால் தள்ளிப்போடவும் கூடாது. ரத்தம் ஐந்து, ஆறு கிராம் என்று இறங்கிய பிறகு அவசரமாக ஓடுவதைவிட, தெம்பாக இருக்கும்போது திட்டமிட்டுச் செய்துகொள்வது எவ்வளவோ மேல்.

மூன்று வழிகள்

வயிற்றைத் திறந்து எடுப்பது: அடிவயிற்றில் குறுக்காகவோ நெடுக்காகவோ கீறி எடுப்பார்கள். டாக்டருக்கு உள்ளே எல்லாம் கண்ணெதிரே தெரியும். பெரிய கட்டியானாலும் சமாளிக்கலாம். ஆனால் வலி அதிகம். ஆஸ்பத்திரி வாசமும் அதிகம். பழையபடி நடமாட ஆறு வாரத்துக்கு மேலும் ஆகலாம்.

கீழ்வழியாக எடுப்பது: பிறப்புறுப்பு வழியாகவே எடுத்துவிடுவார்கள். வயிற்றில் ஒரு கீறல்கூடக் கிடையாது. கர்ப்பப்பை இறங்கியவர்களுக்கு மட்டும்தான் இது முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இறங்காத கர்ப்பப்பையையும் இந்த வழியில் எடுக்க முடியும். நம் நாட்டில் நிறைய டாக்டர்கள் இதில் கைதேர்ந்தவர்கள்.

லேப்ராஸ்கோப்பி: வயிற்றில் மூன்று, நாலு சின்னத் துளை போட்டு, கார்பன் டை ஆக்ஸைடு வாயு செலுத்தி, கேமரா வழியாக டி.வி. திரையில் பார்த்துக்கொண்டே செய்வது. 1988-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் டாக்டர் ஹாரி ரீச் முதன்முதலில் இந்த முறையில் கர்ப்பப்பையை எடுத்தார். ரோபோ உதவியுடன் செய்வதும் இதன் இன்னொரு வடிவம்தான். செலவு மட்டும் பல மடங்கு!

இந்த மூன்றில் எது நல்லது? 47 ஆய்வுகளில் இருந்த 5,102 பெண்களின் விவரங்களை ஒன்றுசேர்த்து 2015-ல் ஓர் அலசல் வெளியானது. வயிற்றைத் திறந்து எடுத்தவர்களைவிட, கீழ்வழியிலோ லேப்ராஸ்கோப்பியிலோ எடுத்துக்கொண்டவர்கள் ஏறக்குறைய பத்து நாளிலிருந்து இரண்டு வாரம் முன்னதாகவே வழக்கமான வேலைக்குத் திரும்பினார்கள். ஆனால் சிறுநீர்ப் பாதையில் காயம் படுவது, திறந்து செய்யும் முறையைவிட லேப்ராஸ்கோப்பியில் சற்று அதிகம். 'முடிகிற இடத்தில் எல்லாம் கீழ்வழியே முதல் தேர்வு' என்பதுதான் அந்த அலசலின் முடிவு. அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் சங்கமும் 2017-ல் இதையேதான் சொன்னது.

சரி... 'முடிகிற இடம்' எது, முடியாத இடம் எது? தழும்பு உள்ளவர்களுக்கு இதுதானே கேள்வி!

வெளியே ஒரே தழும்பு... உள்ளே வேறு வேறு கதை!

நம் அடிவயிற்றுக்குள் ஒரு நெருக்கமான ஒண்டுக்குடித்தனம் நடக்கிறது. கர்ப்பப்பைக்கு முன்னால் சிறுநீர்ப்பை. பின்னால் மலக்குடல். இரண்டு பக்கமும் சிறுநீரகத்திலிருந்து இறங்கி வரும் மெல்லிய சிறுநீர்க்குழாய்கள். மேலே குடல். வயிற்றுக்குள் எந்த ஆபரேஷன் நடந்தாலும், காயம் ஆறும்போது அக்கம்பக்கத்து உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளலாம். சிலருக்கு இந்த ஒட்டுதல் சிலந்தி வலை போல மெலிசாக இருக்கும், தொட்டால் விலகிவிடும். சிலருக்குத் தோல் பட்டை மாதிரி தடித்திருக்கும். வேறு சிலருக்கு ஒன்றுமே இருக்காது. வெளியே தெரியும் தழும்பின் நீளத்தை வைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று கணக்குப் போட முடியாது.

பூவத்தில் ஒரே தெருவில் மூன்று பெண்கள் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மூவருக்கும் வயது நாற்பத்தைந்தை ஒட்டி. மூவருக்கும் கர்ப்பப்பையை எடுக்கத்தான் வேண்டும் என்று முடிவாகிவிட்டது.

முதலாமவருக்கு இரண்டும் சுகப்பிரசவம். பிறகு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன். அதன் கீறல் சின்னது. கருக்குழாயோடு வேலை முடிந்துவிடும். சிறுநீர்ப்பை பக்கமே போவதில்லை. ஆகவே உள்ளே பெரிய ஒட்டுதல் இருக்கும் வாய்ப்புக் குறைவு. சுகப்பிரசவம் ஆனதால் கீழ்ப்பாதையும் தளர்வாக இருக்கும். கட்டி ரொம்பப் பெரிதாக இல்லாவிட்டால், கீழ்வழியில் எடுக்க இவர் மிகவும் பொருத்தமானவர். 'வயித்துல ஏற்கெனவே ஆபரேஷன் ஆயிருக்கு, அதனால திறந்துதான் எடுக்கணும்' என்று இவரிடம் யாராவது சொன்னால், ஏன் என்று அவசியம் கேட்க வேண்டும்.

இரண்டாமவருக்கு இரண்டும் சிசேரியன். குழந்தையை எடுக்கும்போது சிறுநீர்ப்பையைக் கீழே தள்ளிவிட்டுக் கர்ப்பப்பையின் அடிப்பகுதியில் கீறுவார்கள். காயம் ஆறும்போது சிறுநீர்ப்பை அந்தத் தழும்பின் மேலேயே ஒட்டிக்கொள்ளக்கூடும். இப்போது கர்ப்பப்பையை எடுக்க வேண்டுமானால், எந்த வழியில் போனாலும் அந்த ஒட்டுதலைப் பிரித்தே ஆக வேண்டும். எந்த வழி என்பதைவிட, பிரிக்கிற கை எப்படிப்பட்ட கை என்பதுதான் இங்கே முக்கியம்!

மூன்றாமவருக்குப் பல வருஷத்துக்கு முன் குடல்வால் வெடித்து, வயிறெல்லாம் சீழ் பரவி, தொப்புளை ஒட்டி நெடுக்காகக் கீறி ஆபரேஷன் நடந்தது. இவருக்குக் குடல், வயிற்றுச் சுவரோடு ஒட்டியிருக்க வாய்ப்பு அதிகம். லேப்ராஸ்கோப்பியில் முதல் துளையை வழக்கம்போலத் தொப்புளில் போட்டால் குடலில் படலாம். மறுபடி வயிற்றைத் திறந்தாலும் அதே ஒட்டுதலைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆச்சரியமாக, கர்ப்பப்பை நன்றாக அசைந்து கொடுக்கிறது, அதன் பின்பக்கம் ஒட்டுதல் இல்லை என்றால், மேலே இருக்கும் ஒட்டுதலைத் தொடாமலே கீழ்வழியில் எடுத்துவிட முடியும்!

பார்த்தீர்களா? தழும்பு எல்லாருக்கும் இருக்கிறது. ஆனால் பதில் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

மும்பை டாக்டர் காட்டிய பக்கவாட்டுப் பாதை

'சிசேரியன் ஆனவர்களுக்குக் கீழ்வழி ஆபத்து' என்ற எண்ணம் டாக்டர்களிடமே ரொம்ப நாள் இருந்தது. அதை மாற்றியவர்களில் முக்கியமானவர் மும்பையின் டாக்டர் ஷிரிஷ் சேத். 2000 முதல் 2003 வரை மகளிர் மருத்துவர்களின் உலகக் கூட்டமைப்புக்குத் தலைவராக இருந்தவர். சிசேரியன் ஆன பெண்களுக்குக் கீழ்வழியில் கர்ப்பப்பையை எடுத்த அனுபவத்தை 1995-ல் இன்னொரு டாக்டருடன் சேர்ந்து சர்வதேச மருத்துவ இதழில் எழுதினார்.

அவர் சொன்ன யுக்தி கேட்க எளிமையானது. சிசேரியன் தழும்பு கர்ப்பப்பையின் நடுப்பகுதியில்தான் சிறுநீர்ப்பையை இறுக்கிப் பிடித்திருக்கும். இரண்டு ஓரங்களிலும் பெரும்பாலும் ஒட்டுதல் இருக்காது. அதனால் நடுவில் நேராக மோதாமல், ஓரத்தில் உள்ள இடைவெளி வழியாக நுழைந்து, அங்கிருந்து நடுவை நோக்கிப் பக்குவமாகப் பிரித்துக்கொண்டு வருவது. வாசல் கதவு இறுகிக்கொண்டால் கொல்லைப்புறமாகப் போய் உள்ளிருந்து தாழ்ப்பாளை நீக்குகிறோமே, அந்த மாதிரி!

இதற்காக 'சிசேரியன் ஆன எல்லாருக்கும் கீழ்வழிதான்' என்று அர்த்தம் இல்லை. சிலருக்குக் கர்ப்பப்பையே முன்பக்க வயிற்றுச் சுவரோடு ஒட்டிப்போய், அதன் வாய் எட்டாத உயரத்துக்கு இழுக்கப்பட்டிருக்கும். டாக்டர் உள்பரிசோதனை செய்யும்போதே இது பெரும்பாலும் தெரிந்துவிடும். ஸ்கேன் செய்யும்போதும், கர்ப்பப்பை வயிற்றுச் சுவரின் மேல் வழுக்கிக்கொண்டு நகர்கிறதா, ஒட்டி நிற்கிறதா என்று பார்க்கலாம். அசையாமல் நிற்கும் கர்ப்பப்பைக்குக் கீழ்வழி ஏற்றது அல்ல. அங்கே கேமரா வைத்துப் பார்த்துப் பிரிப்பதோ, திறந்து செய்வதோதான் பத்திரம்.

லேப்ராஸ்கோப்பி என்றால்...

லேப்ராஸ்கோப்பியின் பெரிய பலம், ஒட்டுதலைக் கண்ணால் பார்த்துக்கொண்டே பிரிக்க முடிவது. எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்கள், சினைப்பையில் கட்டி உள்ளவர்கள், ஏற்கெனவே ஃபைப்ராய்டு கட்டியை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள்... இவர்களுக்கு இது மிகவும் உதவும்.

சிக்கல் முதல் துளையில்தான். தொப்புள் பக்கம் பழைய தழும்பு இருந்தால், இடது விலா எலும்புக்குக் கீழே உள்ள ஓர் இடத்தில் முதல் துளையைப் போடலாம். அங்கே ஒட்டுதல் அபூர்வம். பிரெஞ்சு டாக்டர் ரவுல் பால்மர் சொன்ன இடம் என்பதால் 'பால்மர் புள்ளி' என்றே பெயர். "முதல் துளையை எங்க போடுவீங்க டாக்டர்?" என்று கேட்டுப் பாருங்கள். அனுபவம் உள்ளவர் சிரித்துக்கொண்டே விளக்குவார்.

இரண்டு எச்சரிக்கைகளும் உண்டு. பெரிய கட்டியைச் சின்னத் துளை வழியாக எடுக்க, உள்ளேயே மெஷினால் துண்டு துண்டாக்குவது உண்டு. அந்தக் கட்டிக்குள் தெரியாமல் புற்றுநோய் இருந்துவிட்டால் அது வயிறெங்கும் சிதறக்கூடும் என்று 2014-ல் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது. ஆகவே 'துண்டாக்குவீங்களா? பைக்குள்ள வச்சுச் செய்வீங்களா?' என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்தது, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்காகச் செய்யப்படும் பெரிய ஆபரேஷன். அதில் லேப்ராஸ்கோப்பியைவிட வயிற்றைத் திறந்து செய்வதில்தான் நோய் திரும்பாமல் இருப்பது அதிகம் என்று 2018-ல் வெளியான ஆய்வு காட்டியது. சின்னத் துளை என்றாலே எப்போதும் நல்லது என்று இல்லை!

கர்ப்பப்பை மிகப் பெரிதாக இருக்கிறது, புற்றுநோய் சந்தேகம், அடிவயிறு முழுக்க இறுகிய ஒட்டுதல், வாயு செலுத்தினால் தாங்காத இதய, நுரையீரல் கோளாறு... இப்படிப்பட்டவர்களுக்கு வயிற்றைத் திறப்பதே நல்ல முடிவாக இருக்கலாம். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். கீழ்வழியிலோ துளை வழியிலோ தொடங்கி, உள்ளே நிலைமை சரியில்லை என்று பார்த்தால், பாதியில் வயிற்றைத் திறக்க டாக்டர் முடிவு செய்யலாம். "சொன்னது ஒண்ணு, செஞ்சது ஒண்ணு" என்று உறவுக்காரர்கள் சண்டைக்குப் போவதுண்டு. அது தோல்வி அல்ல. உங்கள் உயிரைக் காக்கும் நிதானம்.

சிறுநீர்ப்பையில் காயம் பட்டால்?

சிசேரியன் ஆனவர்களின் பெரிய பயமே இதுதான். பயத்தைவிட விவரம் நல்லது. சந்தேகம் இருந்தால் சிறுநீர்ப்பைக்குள் நீல நிறச் சாயம் கலந்த திரவத்தைச் செலுத்திப் பார்ப்பார்கள். ஓட்டை இருந்தால் சாயம் காட்டிக் கொடுத்துவிடும். ஆபரேஷன் மேஜையிலேயே கண்டுபிடித்துத் தையல் போட்டு, ஒரு வாரம், இரண்டு வாரம் சிறுநீர் டியூப் வைத்துவிட்டால் பெரும்பாலும் நன்றாகவே ஆறிவிடும்.

ஆபத்து, கண்டுபிடிக்கப்படாமல் போனால்தான். வீட்டுக்கு வந்தபின், ஒரு வாரம் பத்து நாளில், சிறுநீர் தன்னை அறியாமல் கீழே கசிந்துகொண்டே இருக்கும். இதை வெள்ளைப்படுதல் என்று நினைத்து, கூச்சப்பட்டு, துணி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் மறைத்து வாழ்கிற பெண்கள் உண்டு. தயவுசெய்து மறைக்காதீர்கள். இது சரிசெய்யக்கூடிய கோளாறு. முதல் நாளே டாக்டரிடம் சொல்லுங்கள்.

அந்தப் பழைய காகிதம் எங்கே?

இவ்வளவையும் டாக்டர் முடிவு செய்ய அவருக்கு ஒரு தகவல் வேண்டும். முன்பு உள்ளே என்ன நடந்தது? சிசேரியனில் சிறுநீர்ப்பையில் காயம் பட்டதா? குடல்வால் வெடித்திருந்ததா? ஒட்டுதலை அப்போதே பார்த்தார்களா? ஹெர்னியாவுக்கு வலை வைத்தார்களா? இதெல்லாம் டிஸ்சார்ஜ் சம்மரியில், ஆபரேஷன் குறிப்பில் இருக்கும். நம் வீட்டிலோ, குழந்தையின் தடுப்பூசி அட்டை இருக்கும். அம்மாவின் காகிதம் இருக்காது! கடலோரத்து வீடுகளில் 2004 சுனாமியோடு பெட்டியும் காகிதமும் போனவர்கள் எத்தனையோ பேர்.

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் வருட விதிப்படி, உள்நோயாளியாகச் சேர்ந்தவரின் குறிப்புகளை டாக்டர் மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். நீங்கள் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். மூன்று வருஷத்துக்குப் பிறகு இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்! எனவே இன்று உங்கள் வீட்டில் மகளுக்கோ மருமகளுக்கோ சிசேரியன் ஆகியிருந்தால், அந்தக் காகிதத்தை இன்றே ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, செல்போனில் படமும் எடுத்து வையுங்கள். இருபது வருஷம் கழித்து அவளுக்குத் தேவைப்படலாம்.

காகிதம் கிடைக்கவே இல்லையா? நினைவில் இருப்பதை எழுதிக்கொண்டு போங்கள். எந்த வருஷம், எந்த ஆஸ்பத்திரி, எத்தனை நாள் டியூப் இருந்தது, தையல் சீழ் பிடித்ததா, ரத்தம் ஏற்றினார்களா... இதுவே டாக்டருக்குப் பெரிய உதவி.

டாக்டரிடம் கேட்க வேண்டிய எட்டுக் கேள்விகள்

1. எனக்கு ஏன் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும்? மருந்தோ வேறு சிகிச்சையோ போதாதா?

2. புற்றுநோய் இல்லை என்று சோதனை செய்தாயிற்றா? (பாப் ஸ்மியர், தேவைப்பட்டால் கர்ப்பப்பை உள்சுவரின் சதைப் பரிசோதனை.)

3. உள்பரிசோதனையிலும் ஸ்கேனிலும் கர்ப்பப்பை அசைகிறதா, ஒட்டியிருக்கிறதா?

4. கீழ்வழியில் எடுக்க முடியுமா? முடியாது என்றால் காரணம் என்ன?

5. சிசேரியன் ஆனவர்களுக்கு இந்த முறையில் நீங்கள் அடிக்கடி செய்கிறீர்களா?

6. சிறுநீர்ப்பையிலோ குடலிலோ காயம் பட்டால் சரிசெய்ய டாக்டர் இங்கேயே இருக்கிறாரா, வேறு ஊருக்கு அனுப்புவீர்களா?

7. சினைப்பைகளையும் எடுப்பீர்களா? (மாதவிடாய் நிற்காதவர்களுக்குச் சினைப்பை நன்றாக இருந்தால் விட்டுவைப்பதே பொதுவாக நல்லது. சீக்கிரமே எடுத்துவிட்டால் எலும்பும் இதயமும் பாதிக்கப்படலாம்.)

8. எத்தனை நாள் தங்க வேண்டும்? என் காப்பீட்டு அட்டை இங்கே, இந்த முறைக்குச் செல்லுமா? (ரேஷன் கார்டு ஒரு பக்கம், ஆஸ்பத்திரி மறுபக்கம் என்று இருக்கும் எல்லை ஊர்க்காரர்கள் இதை அட்மிஷனுக்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.)

ஐந்தாவது கேள்வியைக் கேட்கத்தான் எல்லாருக்கும் தயக்கம். "டாக்டர்கிட்ட போய் உங்களுக்குத் தெரியுமான்னு கேக்கலாமா?" என்பீர்கள். கேட்கலாம். ஒரு டாக்டருக்குக் கீழ்வழி கைவந்த கலை, இன்னொருவருக்கு லேப்ராஸ்கோப்பி. பழக்கமில்லாத முறையை உங்களுக்காக அவர் முயன்று பார்ப்பதைவிட, அவருக்கு நன்றாகக் கைவந்த முறையே உங்களுக்குப் பத்திரம். உங்களுக்குக் கீழ்வழி பொருந்தும் என்று தெரிந்து, அந்த ஆஸ்பத்திரியில் அந்தப் பழக்கம் இல்லை என்றால், அவசரமில்லாத பட்சத்தில் ஒரு நாள் பஸ் ஏறி இன்னொரு டாக்டரைப் பார்ப்பதில் தப்பே இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு

எந்த முறையானாலும் மறுநாளே மெதுவாக எழுந்து நடக்கச் சொல்வார்கள். நடங்கள். காலில் ரத்தம் உறையாமல் இருக்க அது உதவும். ஆனால் வெளியே காயமே தெரியவில்லை என்பதற்காகக் குடம் தூக்காதீர்கள்! உள்ளே தையல் ஆற வேண்டாமா? தண்ணீர்க் குடம், மீன் கூடை, நெல் மூட்டை எல்லாம் ஆறு வாரம் ஆகாது. தாம்பத்தியமும் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான், டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு. "கீழ்வழியா எடுத்தா ஒண்ணும் ஆகாது, நாலு நாள்ல வேலைக்குப் போகலாம்" என்று சொல்கிற மாமியார்களும் கணவர்மார்களும் இந்தப் பத்தியை இன்னொரு தடவை படிக்கவும்!

காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் வயிற்று வலி, வயிறு உப்பி வாந்தி, நாற்றமுள்ள கசிவு, அதிக ரத்தப்போக்கு, இடுப்புக்கு மேலே ஒரு பக்கமாக முதுகு வலி, தன்னை அறியாமல் சிறுநீர் கசிவு, கால் வீக்கம், திடீர் மூச்சுத்திணறல்... இவற்றில் எது வந்தாலும் 'நாளைக்குப் பாத்துக்கலாம்' என்று இருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். சாதாரணமாக ஆபரேஷன் வலி தினமும் குறைந்துகொண்டுதான் வர வேண்டும். கூடினால் உள்ளே ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது, கைப்பையில் மூன்றை எடுத்துவையுங்கள்: பழைய ஆபரேஷன் காகிதம், புது ஸ்கேன் ரிப்போர்ட், மேலே சொன்ன எட்டுக் கேள்விகள். கூட வரும் வீட்டுக்காரரையும் வெளியே பெஞ்சில் உட்கார வைக்காமல் உள்ளே அழைத்துப் போங்கள். முடிவு என்னவென்று இரண்டு பேர் காதிலும் விழட்டும்!